வாயா, காதா? காது அணிக்காக நான் பேசுனது

நடுவர் ஐயாவுக்கும், எங்க அணிக்காரங்களுக்கும், இவ்வளவு நேரம் மைக்கை விடாம புடிச்சிருந்த எதிரணிக்கும், சாப்பாடு வாசனை வந்தும் எழுந்திரிக்காம உக்காந்திருக்குற உங்க எல்லாருக்கும் வணக்கமுங்க.

தலைப்பு என்னன்னா, கம்பெனில பெரிய பொறுப்புக்கு வந்தவங்களை மேல மேல வளர்க்கிறது பேசுற திறமையா, கேக்குற பொறுமையா. எதிரணி பேச்சுதான்னாங்க. மணி அடிச்ச பெறகும் நிறுத்தாம பேசுனாங்களே, அந்தக் கட்சிக்கு அவங்களை விட பொருத்தமான ஆளுங்க கெடைக்க மாட்டாங்க.

முதல்ல வந்த அண்ணன் ஆப்பிள் கம்பெனி ஸ்டீவ் ஜாப்ஸை கூட்டிட்டு வந்தாரு. 2007 ஜனவரில மேடையில நின்னு ஐபோனை கையில தூக்கி காட்டுனாரு, பேசியே உலகத்தை புடிச்சாருன்னாரு. ஒத்துக்குறேன், அந்த பேச்சை நானும் பாத்திருக்கேன், அப்படி பேச நமக்கெல்லாம் வராது. ஆனா அண்ணன் அதே வருஷத்து மிச்ச கதையை சொல்லாம எறங்கிட்டாரு. அந்த போன் கடைக்கு வந்தப்போ வெளியாளுங்க செஞ்ச ஆப் எதையும் அதுல போட முடியாது, போட விடவும் மாட்டேன்னு ஜாப்ஸ் புடிவாதமா இருந்தாரு. கம்பெனிக்குள்ள இருந்தவங்க, போர்டுல இருந்தவங்கன்னு ஆளாளுக்கு விடாம நச்சரிச்சாங்க, கடைசில அந்த அக்டோபர்ல எறங்கி வந்தாரு. 2008 ஜூலைல ஆப் ஸ்டோர் 500 ஆப்போட தொறந்துச்சு. இப்ப சொல்லுங்க, ஐபோனை இன்னைக்கு இருக்குற ஐபோனா ஆக்குனது அந்த ஒரு நாள் பேச்சு மட்டுமா, இல்ல புடிக்காத யோசனையை கேட்டு மனசு மாத்திக்கிட்டதுமா? உங்க சாட்சியை நான் எடுத்துக்குறேன் அண்ணா, கோவிச்சுக்காதீங்க.

நான் ஃபவுண்ட்ரில, அதாங்க உலோகத்தை உருக்கி மணல் அச்சுல ஊத்துற எடத்துல, சூப்பர்வைசரா ஆரம்பிச்சவன். எந்த ஃபவுண்ட்ரின்னு கேக்காதீங்க, அந்த ஓனரு இன்னும் நல்லா இருக்காரு. அங்க ஒரு ஜெனரல் மேனேஜர் இருந்தாரு, அருமையா பேசுவாரு, வாரம் ஒரு ட்ரெயினிங் புரோகிராம் போயிட்டு வந்து அங்க கேட்டதை எங்ககிட்ட எறக்குவாரு. அப்படி எறக்குனதுல ஒண்ணு, "எங்கிட்ட பிராப்ளத்தோட வராதே, சொல்யூஷனோட வா." கேக்க எவ்வளவு கெத்தா இருக்கு பாருங்க. இங்க உக்காந்திருக்குறவங்கள்ல பாதிப்பேரு இதை போன வாரம் யாருகிட்டயாவது சொல்லியிருப்பீங்க. எங்க மோல்டிங் செக்‌ஷன்ல வயசான ஒருத்தர், மணலை கையில அள்ளி பிசைஞ்சு பாத்தே ஈரம் சொல்லிடுவாரு, ஒரு நாள் மீட்டிங்ல எழுந்து "சார், மணல்ல ஈரம் சாஸ்தியா வருது, ஊத்துனா வாயு அடைச்சு ஓட்டை விழும்"னாரு. மேனேஜர் நம்ம மந்திரத்தை சொன்னாரு. அவருகிட்ட ஏதுங்க சொல்யூஷன்? மணல் மிக்சர் அவர் கண்ட்ரோல்ல இல்ல, மெயிண்டனன்ஸ் அவர் பேச்சை கேக்காது, அவருக்கு தெரிஞ்சது கையில இருந்த ஈரம் ஒண்ணுதான். பேசாம உக்காந்துட்டாரு. அதுக்கப்புறம் எந்த மீட்டிங்லயும் எழுந்திரிக்கல. கொஞ்ச நாள்ல ஒரு லோடு காஸ்டிங் கஸ்டமர்கிட்ட இருந்து திரும்பி வந்துச்சு, எல்லாத்துலயும் ப்ளோ ஹோல். மேனேஜர் எங்களை நிக்க வெச்சு "ஏன்யா யாருமே முன்னாடியே சொல்லல"ன்னு கேட்டாரு. அந்தக் கேள்வியையும் அருமையாத்தான் கேட்டாரு.

இதே விஷயம் ஃபோர்டு கம்பெனில எப்படி நடந்துச்சுன்னு கேளுங்க. 2006 ல போயிங்ல இருந்து ஆலன் முலாலின்னு ஒருத்தரை சிஇஓவா கொண்டு வந்தாங்க. அந்த வருஷம் மட்டும் ஃபோர்டுக்கு சுமார் 1,270 கோடி டாலர் நஷ்டம். ரூபாய் இல்லீங்க, டாலர். அவர் வாரா வாரம் வியாழக்கெழமை பெரிய அதிகாரிங்களை எல்லாம் ஒரே ரூம்ல உக்கார வெச்சு, அவங்கவங்க வேலையோட நெலமையை கலர்ல காட்டச் சொன்னாரு. நல்லா போனா பச்சை, கொஞ்சம் இடிச்சா மஞ்சள், சிக்கல்னா செவப்பு. வாரம் வாரமா எல்லாரும் பச்சை காட்டுறாங்க. நஷ்டத்துல மூழ்குற கம்பெனில வயக்காடு மாதிரி ஒரே பச்சை! அவர் கேட்டாரு, இவ்வளவு நஷ்டம் போகுதே, எதுவுமே சரியில்லாம இல்லையான்னு. அப்புறம் ஒரு வாரம் அமெரிக்க ஏரியாவை பாத்துக்கிட்ட மார்க் ஃபீல்ட்ஸ் ஒரு செவப்பு காட்டுனாரு. புதுசா வர வேண்டிய ஃபோர்டு எட்ஜ் காருல பின்பக்க கதவுல ஏதோ கோளாறு, கனடாவுல ஓக்வில் பிளாண்ட்ல வண்டி நிக்குது. ரூம்ல எல்லாரும் இந்தாளு சோலி முடிஞ்சுதுன்னு நெனச்சாங்க. முலாலி கை தட்டுனாரு. தட்டிட்டு, இவருக்கு யார் உதவி பண்ண முடியும்னு சுத்தி பாத்து கேட்டாரு. உடனே ஒருத்தர் ஆள் அனுப்புறேங்குறாரு, இன்னொருத்தர் இதே கோளாறை வேற வண்டில பாத்திருக்கேங்குறாரு.

கவனிங்க, ஃபீல்ட்ஸ்கிட்ட சொல்யூஷன் இல்ல. பிராப்ளத்தோடதான் வந்தாரு. சொல்யூஷன் அந்த மேஜையைச் சுத்தி வேற வேற ஆளுங்க மண்டைல துண்டு துண்டா இருந்துச்சு, இவர் செவப்பு காட்டுன பெறகுதான் அது ஒண்ணு சேந்துச்சு. அதுக்கப்புறம் கொஞ்ச வாரத்துல எல்லாரு சார்ட்லயும் செவப்பும் மஞ்சளும் கலந்து வர ஆரம்பிச்சுது. அப்பத்தான் அந்த கம்பெனிக்கு தன் உடம்புக்கு என்னன்னே தெரிஞ்சுது. அன்னைக்கு சோலி முடிஞ்சுதுன்னு நெனச்ச அதே மார்க் ஃபீல்ட்ஸ் 2014 ல முலாலிக்கு அப்புறம் சிஇஓ ஆனாரு.

ரெண்டாவதா பேசுன அக்கா ஒண்ணு சொன்னாங்க, நல்ல பாயிண்டுதான். எல்லாரு பேச்சையும் கேட்டுக்கிட்டே இருந்தா முடிவெடுக்குறது எப்போ, ஓனரு கமிட்டி போட்டே காலத்தை ஓட்ட முடியுமான்னு கேட்டாங்க. அக்கா, கேக்குறது வேற, சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுறது வேற. இதே முலாலி 2006 கடைசில கம்பெனி சொத்தை எல்லாம், அந்த நீல வட்டத்துல ஃபோர்டுன்னு எழுதியிருக்குற லோகோவைக் கூட விடாம, அடமானம் வெச்சு 2,300 கோடி டாலருக்கு மேல கடன் ஏற்பாடு பண்ணுனாரு. இது கமிட்டிக்கு பயந்தவர் எடுக்குற முடிவா? 2008 ல ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் 230 கோடி டாலருக்கு நம்ம டாடா மோட்டார்ஸுக்கு வித்தாரு. 2009 ல மத்த பெரிய அமெரிக்க கார் கம்பெனிங்க ஜிஎம்மும் கிரைஸ்லரும் திவால் கோர்ட்டுக்கு போச்சு, ஃபோர்டு போகல. நெலமை என்னன்னு ஒளிவு மறைவில்லாம தெரிஞ்சவனுக்குத்தான் அவ்வளவு பெரிய முடிவை தைரியமா எடுக்க முடியும், தெரியாம எடுத்தா அதுக்கு பேரு சூதாட்டம்.

கேக்காம எடுத்த முடிவு எப்படி இருக்கும்ங்குறதுக்கு ஒண்ணு சொல்றேன், இதுல சிரிக்க ஒண்ணும் இல்ல. 1986 ஜனவரி 27 ராத்திரி. மறுநாள் காலைல சேலஞ்சர் விண்கலம் ஏவணும். அதோட பக்கவாட்டு ராக்கெட்டை செஞ்ச கம்பெனி மார்ட்டன் தயோகால், அங்க இருந்த இன்ஜினியருங்க போன் மீட்டிங்ல வேண்டாம் வேண்டாம்னு மல்லுக்கு நின்னாங்க. ராக்கெட் துண்டுங்க சேர்ற எடத்துல இருக்குற ரப்பர் வளையம் குளிர்ல வெறைச்சுப் போகும், சரியா அடைக்காதுன்னாங்க. அதுக்கு முன்னாடி ஏவுனதுலயே குளிர் அதிகமான நாள்னா சுமார் 12 டிகிரி, அதுலயே வளையத்தை தாண்டி புகை கசிஞ்சிருந்துச்சு, மறுநாள் அதை விட ரொம்ப கீழ போகும்னு தெரியும். ரோஜர் போஷலிங்குற இன்ஜினியர் முந்தின வருஷமே இதை எழுத்துல குடுத்திருந்தாரு. நாசா அதிகாரிங்க எரிச்சலானாங்க. தயோகால் மேலதிகாரி ஒருத்தர் அங்கிருந்த இன்ஜினியரிங் தலைவரைப் பாத்து, இன்ஜினியர் தொப்பியை கழட்டிட்டு மேனேஜர் தொப்பியை போட்டுக்கோன்னு சொன்னாரு. அவரும் போட்டுக்கிட்டாரு, ஏவலாம்னு மாத்தி சொல்லிட்டாங்க. கெளம்பி 73 விநாடில ஏழு உயிர் போச்சு.

அந்த ரூம்ல பேச்சுத் திறமைக்கு பஞ்சமா? விவரம் தெரிஞ்சவன் இருந்தான், கணக்கு இருந்துச்சு, எச்சரிக்கையும் இருந்துச்சு. சொன்னது காதுல விழுந்துச்சு, ஏறலை, அவ்வளவுதான். நம்மாளுங்க பதவி ஒசந்ததும் மாட்டிக்குற தொப்பியும் பல நேரம் இதே தொப்பிதாங்க.

நம்ம ஊருக்கே வர்றேன். ஸ்ரீபெரும்புதூர்ல ஃபின்லாந்து கம்பெனி நோக்கியாவோட போன் ஃபேக்டரி 2006 ல ஆரம்பிச்சது, சுத்துப்பட்டு கிராமத்துல இருந்து பஸ் பஸ்ஸா பொண்ணுங்க வேலைக்கு போனது இங்க நெறைய பேருக்கு நேர்லயே தெரியும். அந்த நோக்கியாவோட வீழ்ச்சியை பத்தி அங்க வேலை பாத்தவங்ககிட்டயே பேசி ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. அதுல வெளிய வந்தது என்னன்னா பயம். நோக்கியா போன்ல ஓடுன சிம்பியன் சாஃப்ட்வேர் ஐபோனுக்கு ஈடு குடுக்காதுன்னு நடுவுல இருந்த மேனேஜருங்களுக்கு தெரிஞ்சிருக்கு. மேல இருக்குறவங்க கத்துவாங்க, பதவி போயிடும்னு பயந்து நெலமையை மெருகேத்தி சொல்லிருக்காங்க. மேல இருந்தவங்க அந்த மெருகேத்துனதை நம்பி அடுத்த திட்டம் போட்டிருக்காங்க. 2013 ல போன் வியாபாரத்தை சுமார் 540 கோடி யூரோவுக்கு மைக்ரோசாஃப்ட்டுக்கு விக்குற நெலமை. ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரி வரி வழக்குல சிக்குனதால அந்த விற்பனைல சேரல, 2014 நவம்பர்ல உற்பத்தி நின்னுச்சு. வரி வழக்கு தனி காரணம், அதை மறைக்க மாட்டேன், மறைச்சா அடுத்து வர்ற எதிரணிக்காரர் என்னை தோலுரிச்சுடுவாரு. ஆனா வியாபாரமே நல்லா நடந்திருந்தா அதை விக்க வேண்டிய தேவை எங்கிருந்து வருதுங்க? ஃபின்லாந்துல ஒரு மீட்டிங் ரூம்ல ஒருத்தர் வாயை மூடிக்கிட்டதுக்கான விலையில ஒரு பங்கை காஞ்சிபுரம் மாவட்டத்துல ஒரு பொண்ணு குடுத்துச்சு.

இதுக்கெல்லாம் நல்ல மனசு இருந்தா போதாது, ஏற்பாடு வேணும். கலிஃபோர்னியால ஃப்ரீமாண்ட்னு ஒரு எடம், அங்க ஜிஎம்மோட கார் பிளாண்ட், தகராறு புடிச்ச பிளாண்டுன்னு பேரெடுத்தது, 1982 ல மூடிட்டாங்க. 1984 ல டொயோட்டாவோட கூட்டு சேந்து மறுபடி தொறந்தாங்க, எடுத்த ஆளுங்கள்ல பெரும்பாலானவங்க அதே பழைய ஆளுங்க. முன்னாடி அங்க சட்டம் என்னன்னா லைன் நிக்கக் கூடாது, தப்பான வண்டியா இருந்தாலும் போகட்டும், பின்னாடி பாத்துக்கலாம். டொயோட்டாக்காரங்க வந்து தலைக்கு மேல ஒரு கயித்தை கட்டுனாங்க. தப்பு தெரிஞ்சா சாதாரண தொழிலாளி இழுக்கலாம், டீம் லீடர் ஓடி வருவாரு, உடனே சரியாகலைன்னா லைன் நிக்கும். இழுத்தவனை யாரும் திட்டக் கூடாது. கொஞ்ச நாள்ல அந்த பிளாண்ட் வண்டியோட தரம் பேசப்படுற அளவுக்கு வந்துச்சு. அதே ஆளுங்கதாங்க, முன்னாடி அவங்க சொல்றதை வாங்கிக்க மேல யாரும் இல்ல.

இப்ப தனிப்பட்ட வளர்ச்சிக்கு வர்றேன், தலைப்புல அதுவும் இருக்கு. மேனேஜர் ஆனதும் நமக்கு திடீர்னு ஒரு தெறமை வந்துடும், நம்ம ஜோக்குக்கு எல்லாரும் சிரிப்பாங்க. வைஸ் பிரசிடெண்ட் ஆனா ஜோக்கை முடிக்கறதுக்கு முன்னாடியே சிரிப்பாங்க. எம்டி ஆபீஸ் வாட்சப் குரூப்ல தப்பும் தவறுமா ஒரு குட்மார்னிங் போட்டா கூட வரிசையா கட்டை வெரல் வரும். இதுல என்ன ஆபத்துன்னா, சின்ன வயசுல நம்மளை வளத்ததே "டேய் இது தப்புடா"ன்னு சொன்ன ஆளுங்கதான், படி ஏற ஏற அந்த ஆளுங்க ஒவ்வொருத்தரா கொறைஞ்சு கடைசில ஆமாம் சாமிங்க மட்டும் மிஞ்சுறாங்க. சம்பளம் வளருது, ரூம் பெருசாகுது, ஆளு எந்த வருஷத்துல நின்னாரோ அங்கயே நிக்குறாரு. டவுன்ஹால் மீட்டிங்ல கடைசில "எனி கொஸ்டின்ஸ்?"னு கேப்பாங்க பாருங்க, ஒரு ஈ காக்கா பேசாது, அப்புறம் ஹெச்ஆர் முன்னாடியே சொல்லி வெச்ச பையன் எழுந்து "சார் உங்க வெற்றிக்கு காரணம் என்ன"ன்னு கேப்பான். அதுக்கு கால் மணி நேரம் பதில் வரும், எதிரணி சொன்ன பேச்சுத் திறமை எல்லாம் அங்கதான் செலவாகும்.

மணி அடிச்சுட்டீங்க ஐயா, நான் நிறுத்திக்குறேன், எங்க அணி கொள்கையே அதுதானே. அடுத்து எதிரணில கடைசியா பேச வர்ற நண்பர் ஒரு கம்பெனில டைரக்டரா இருக்காருன்னு சொன்னாங்க. அவருக்கு ஒரே ஒரு கேள்வி, பேச ஆரம்பிக்குறப்போ இதுக்கு பதில் சொல்லிட்டு ஆரம்பிக்கட்டும். உங்க மூஞ்சிக்கு நேரா ஒரு ஸ்டாஃப் "சார், நீங்க பண்றது தப்பு"ன்னு கடைசியா சொன்னது எப்போ, அவர் இப்ப எந்த டிபார்ட்மெண்ட்ல இருக்காரு? நன்றிங்க, வணக்கம்.