சுவாமி மாறும்போது பங்கிடம் இருக்க வேண்டியவை

(வன்னிப் பங்குகளின் அருட்பணிப் பேரவை, நிதிக்குழு உறுப்பினர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அருட்தந்தையரே, அருட்சகோதரிகளே, பேரவை உறுப்பினர்களே, வணக்கம்.

பங்கை, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களை, நடத்தும் சுவாமியின் (பங்குத்தந்தையின்) இடமாற்றச் செய்தி ஊருக்குள் வந்த அன்று மாலையே இரண்டு வேலைகள் தொடங்கிவிடும். ஒரு பக்கம் பிரியாவிடைக்குக் காசு சேர்ப்பார்கள். இன்னொரு பக்கம் 'எங்கட சுவாமியை மாற்ற வேண்டாம்' என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்குவார்கள். மூன்றாவதாக ஒரு வேலை இருக்கிறது, கையளிப்பு: போகும் சுவாமி வரும் சுவாமியிடம் பங்கின் பொறுப்புகளை ஒப்படைப்பது. அதை மட்டும் சுவாமிமார் தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறோம். பிறகு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கேதான் முளைக்கின்றன.

கையெழுத்துப் பற்றி ஒரு சொல். திருச்சபைச் சட்டம் 524 இன்படி, பங்குத்தந்தையை நியமிக்குமுன் ஆயர் மறைக்கோட்ட முதல்வரை, அதாவது அயல் பங்குகள் சேர்ந்த தொகுதிக்குப் பொறுப்பான குருவை, கேட்க வேண்டும். தேவையானால் பொதுநிலையினரையும் (குருக்கள் அல்லாத பங்கு மக்களையும்) கேட்கலாம். ஆகவே இடமாற்றப் பட்டியல் வந்த பிறகு ஆயர் இல்ல வாசலில் போய் நிற்பதைவிட, வருமுன் இரண்டு பக்கத்தில் பங்கின் நிலையை எழுதிக் கொடுங்கள்: எத்தனை குடும்பங்கள், எத்தனை கிளைக் கோயில்கள், எந்தக் கிராமத்துக்கு மாரியில் பாதை அறுபடும், என்ன கட்டட வேலை அரைகுறையாக நிற்கிறது. பெயர் சொல்லி ஆளைக் கேட்காதீர்கள். கையெழுத்து வைத்தவர், வைக்காதவர் என்று பங்கு பிளந்தால் அந்தப் பிளவு புதிய சுவாமியின் காலம் முழுவதும் நிற்கும்.

அடுத்தது, இடைக்காலத்தில் பொறுப்பு யாருக்கு? இடமாற்றம் பெற்றவர் புதிய பங்கைப் பொறுப்பேற்கும் வரை, வேறு கட்டளை இல்லாவிட்டால், பழைய பங்கும் அவருடையதே. அவர் போய், புதியவர் வராத நாட்களில் உதவிப் பங்குத்தந்தை தற்காலிகமாகப் பார்ப்பார். அவரும் இல்லாவிட்டால் மறைமாவட்ட (ஆயரின் பொறுப்பிலுள்ள பகுதியின்) விதி குறிக்கும் அயல் பங்குத்தந்தை பார்ப்பார். இதில் உங்கள் மறைமாவட்டத்தின் விதியைத்தான் பார்க்க வேண்டும். மன்னார் மறைமாவட்டம் 1981 இல் தனியாகப் பிரிந்தபின் வன்னியின் ஒரு பாதி மன்னாருக்கும், கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாணத்துக்கும் உரியவை. பக்கத்துப் பங்கில் நடப்பது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

திருமணத்தில் மட்டும் இந்தக் கணக்குத் தப்பவே கூடாது. 'பழைய சுவாமி வந்து ஆசீர்வதிக்கிறேன் என்று வாக்குத் தந்தவர்' என்று குடும்பம் மண்டபமும் பதிவு செய்திருக்கும். பொறுப்பு முடிந்த குரு, புதிய பங்குத்தந்தையிடமோ ஆயரிடமோ அந்தத் திருமணத்துக்கென அதிகாரம் பெறாமல் நடத்தினால் அந்தத் திருமணம் செல்லாது. வாயால் சொன்னது என்று விடாமல் எழுத்தில் வாங்கித் திருமணக் கோவையில் வையுங்கள். அடுத்த 6 மாதத் திருமணங்களின் பட்டியல் கையளிப்பு நாளன்றே மேசையில் இருக்க வேண்டும்.

இனிச் சொத்துப் பட்டியல். சட்டம் 1283, பொறுப்பேற்குமுன் அசையும், அசையாச் சொத்துகளை விவரத்தோடும் மதிப்போடும் எழுதிக் கையொப்பமிடச் சொல்கிறது. ஒரு பிரதி பங்கில், ஒரு பிரதி ஆயர் இல்லத்தில். நடைமுறையில் என்ன எழுதுகிறோம்? 'மின்பிறப்பாக்கி 1'. அது போதாது. எந்த வகை, எந்த ஆண்டு வாங்கியது, ஓடுகிறதா, யார் அன்பளித்தது, இப்போது எந்தக் கிளைக் கோயிலில் நிற்கிறது என்று எழுத வேண்டும். ஒலிபெருக்கி, தண்ணீர்ப் பம்பி, மோட்டார் சைக்கிள் இவற்றில்தான் சண்டை வரும். 'அது சுவாமிக்குத் தனிப்பட்ட முறையில் தந்தது' என்பார் ஒருவர், 'கோயிலுக்குத் தந்தது' என்பார் இன்னொருவர். தரும் நாளிலேயே பற்றுச்சீட்டில் 'பங்குக்கு' அல்லது 'குருவுக்கு' என்று எழுதியிருந்தால் இந்தக் கதையே எழாது. காணிகளுக்கு உறுதி, அனுமதிப்பத்திரம், நில அளவை வரைபடம் மூன்றையும் பாருங்கள். இல்லாததை 'இல்லை' என்றே எழுதுங்கள்.

ஏடுகளுக்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஏடுகளில் கடைசிப் பதிவின் இலக்கத்தையும் திகதியையும் குறித்து, அதன் கீழ்க் கோடிட்டு இரு குருக்களும் ஒப்பமிடட்டும். துண்டுக் கடதாசியில் எழுதி, பிறகு பதியலாம் என்று ஏட்டுக்குள் செருகி வைத்தவை இருக்கும். அவற்றை எழுதியவர் போகுமுன் பதிய வேண்டும். அவர் போனபின் அந்தக் கையெழுத்தை வாசிக்க ஆளில்லை. 2009 வரையான போர்க்கால இடப்பெயர்வுகளில் ஏட்டைக் காவித் திரிந்த பங்குகளும் உண்டு, பறிகொடுத்த பங்குகளும் உண்டு. ஏடு இல்லாதவர்கள் திருமணத்துக்கு வரும்போது நம்பத்தகுந்த ஒரே ஒரு சாட்சியின் வாக்குமூலம் திருமுழுக்கை நிரூபிக்கப் போதும் என்று சட்டம் 876 சொல்கிறது. திருமுழுக்கில் சாட்சியாக நின்ற ஞானத்தாய் தகப்பன் உயிரோடு இருக்கும்போதே அதை எழுதி வாங்குங்கள். அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமல், நிலத்திலிருந்து அரை அடி உயர்த்தி வையுங்கள். நம் மண்ணில் கறையான் ஒரு மாரியிலேயே ஏட்டைத் தின்றுவிடும்.

பூசைக் காசுக் கொப்பியும் (மக்கள் தங்கள் கருத்துக்காகப் பூசை கேட்டுத் தந்த காசின் பதிவு) அப்படியே. ஒப்புக்கொடுக்கப்படாமல் மீதி நிற்கும் பூசைகள் பெயரோடும் காசோடும் புதியவரிடம் போக வேண்டும். இறந்த பிள்ளைக்குப் பூசை கேட்ட தாய் அதை மறக்கமாட்டாள்.

காசு விடயத்தில் நிதிக்குழு கட்டாயம் இருக்க வேண்டும் என்பது சட்டம் 537. வங்கியில் ஒப்பம் மாற்ற ஆயர் இல்லக் கடிதமும் நாட்களும் வேண்டும். அதுவரை மின்கட்டணம், மறையாசிரியர் (மறைக்கல்வி கற்பிப்பவர்) கொடுப்பனவு, மெழுகுதிரி என்று 2 மாதச் செலவுக்கான காசைக் கணக்கெழுதிப் பொருளாளரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் பழைய ஒப்பத்தை நீக்க வேண்டும்.

அரைகுறையாக நிற்கும் கோயில் இன்னும் சிக்கலானது. வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் கூரைக்கென்று அனுப்பிய காசைச் சுற்றுமதிலுக்குச் செலவழிக்க முடியாது. குறித்த நோக்கத்துக்கே அது போக வேண்டும். அவர்களின் தொடர்பு பழைய சுவாமியின் கைத்தொலைபேசியில் மட்டும் இருந்தால், சுவாமியோடு கூரையும் போய்விடும். பங்குக்கென ஒரு சிம், ஒரு மின்னஞ்சல், ஒரு நன்கொடையாளர் பட்டியல் வேண்டும். 'இந்த வேலைக்கு ஆயர் வாயால் சம்மதித்தவர்' என்பதையும் நம்பியிருக்காதீர்கள். மன்னாரில் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2016 சனவரியில் ஓய்வுபெற்றபின், 2017 திசம்பர் இறுதியில் புதிய ஆயர் பொறுப்பேற்கும் வரை நிர்வாகியின் கீழ்தான் மறைமாவட்டம் இருந்தது. ஆயரும் மாறலாம். அப்போது எழுத்தில் இருப்பதுதான் பேசும்.

எழுத்தில் வராதவையும் உண்டு. திருவிழாவில் எந்த நாள் எந்தக் கிராமத்தின் உபயம், சொரூபத்தை யார் தூக்குவது, பவனி எந்த ஒழுங்கையால் திரும்பும் என்பவை பழைய சுவாமி சமாதானம் பேசி முடித்தவையாக இருக்கும். புதியவர் அறியாமல் ஒன்றை மாற்றினால் பத்து வருடப் பகை மீண்டும் எழும்பும். 1977 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியோரின் கிளைக் கோயில்கள் பூசை ஒழுங்கில் கடைசியில் தள்ளப்படுவதும் இப்படித்தான்: அவர்களுக்கெனப் பேச யாரும் குருமனைக்கு வருவதில்லை. முதல் 3 மாதம் புதிய சுவாமி பூசை நேரத்தை மாற்றாமல், கிராமம் கிராமமாக வீடு பார்க்கட்டும். 240 குடும்பம் என்றால், மாலைக்கு 4 வீடு, கிழமைக்கு 5 நாள், 12 கிழமையில் முடியும். அறுவடைக் காலத்தில் வயல் ஊருக்கும், கடலுக்குப் போகும் நேரத்தில் கரையோர ஊருக்கும் போக வேண்டாம். கூடப் போகும் பேரவை உறுப்பினர் ஒவ்வொரு கிராமத்துக்கும் வேறு ஆளாக இருப்பது நல்லது. ஒரே ஆள் எல்லா வீட்டுக்கும் போனால் சுவாமி அவருடைய கண்ணால்தான் பங்கைக் காண்பார்.

கடைசியாக ஒன்று. கார்த்திகையில் சேமக்காலையில் (கல்லறைத் தோட்டத்தில்) இறந்தோரின் பெயர்ப் பட்டியல் வாசிப்போம். காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயரை அந்தப் பட்டியலில் வாசித்தால், இன்னும் பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்க்கு அது எப்படியிருக்கும்? எந்த வீட்டில் 'இறந்தவர்' என்று மன்றாட வேண்டும், எந்த வீட்டில் 'திரும்பி வர' என்று மன்றாட வேண்டும் என்பது பழைய சுவாமிக்குத் தெரிந்திருக்கும். அந்தக் குடும்பங்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு, இரண்டு பட்டியல்களையும் தனித்தனியே எழுதி, புதிய சுவாமியின் கையில் நேரே கொடுங்கள். அவரது முதல் ஞாயிறு பூசைக்கு முன்பே கொடுங்கள்.