எதிரணி கொண்டுவந்த சாட்சி

நடுவர் அவர்களே, எதிரணித் தோழி உட்கார்ந்த பிறகும் கைதட்டல் ஓயவில்லை. தட்டியவர்கள் கொஞ்சம் மிச்சம் வையுங்கள், எனக்கும் வேண்டும்.

கனடாப் பாடகி ஷனாயா ட்வெய்னின் ‘கம் ஆன் ஓவர்’ ஆல்பம், அமெரிக்கக் கிராமத்து மண்ணில் பிறந்த கண்ட்ரி இசையை வளர்த்ததா, விலை பேசியதா? இதுதான் தலைப்பு. வளர்த்தது என்பது எங்கள் கட்சி. 1997 நவம்பரில் வந்த ஆல்பம், உலகம் முழுக்க சுமார் 4 கோடி பிரதிகள் போயிருக்கிறது. இதை எதிரணியும் மறுக்கவில்லை. விற்றதே குற்றம் என்கிறார்கள், அவ்வளவுதான்.

அவர்களின் பெரிய சாட்சி என்ன? தயாரிப்பாளர் மட் லாங் ராக் ஆசாமி, ஏசி/டிசி என்ற ராக் குழுவின் ‘பேக் இன் பிளாக்’ ஆல்பத்தைத் தயாரித்தவர். வெளிநாட்டில் விற்பதற்காக, கண்ட்ரியின் அடையாளமான ஃபிடிலையும் (கிராமத்துப் பாணியில் வாசிக்கும் வயலின்) ஸ்டீல் கிடாரையும் அடக்கிவிட்டு இதே பாட்டுகளுக்கு வேறு கலவை போட்டார்கள். சரி, உண்மை. ஆனால் தோழி, அடக்குவதற்கு முதலில் அது அங்கே இருந்திருக்க வேண்டாமா? விருந்தாளிக்காகக் காரத்தைக் குறைத்தோம் என்றால், அடுப்பில் கொதித்த குழம்பு காரமாக இருந்தது என்றுதானே அர்த்தம்! ‘டோன்ட் பி ஸ்டுப்பிட்’ பாட்டை அமெரிக்கப் பதிப்பில் கேளுங்கள். ஃபிடில் விடாமல் துரத்தும். நீங்கள் கொண்டுவந்த சாட்சி எங்களுக்காகப் பேசிவிட்டுப் போகிறது.

சுத்தமான கண்ட்ரி, சுத்தமான கண்ட்ரி என்கிறீர்களே, எந்தக் காலத்துச் சுத்தம்? 1950களின் கடைசியில் தயாரிப்பாளர்கள் செட் அட்கின்ஸும் ஓவன் பிராட்லியும், கண்ட்ரியின் தலைநகரான நாஷ்வில்லிலேயே ஃபிடிலை ஓரங்கட்டிவிட்டு வயலின் கூட்டத்தையும் கோரஸையும் கொண்டுவந்தார்கள். அப்படி வந்த, பாடகி பாட்ஸி க்ளைனின் ‘கிரேஸி’ பாட்டை இன்று எவரும் கண்ட்ரி இல்லை என்று சொல்வதில்லை. முப்பது நாற்பது வருஷம் கழித்து ஒரு பெண் செய்தால் மட்டும் துரோகமா?

பாட்டுக்குள் வாருங்கள். இந்த ஆல்பத்தின் 16 பாட்டையும் ஷனாயாவும் லாங்கும் சேர்ந்துதான் எழுதினார்கள். ‘தட் டோன்ட் இம்ப்ரெஸ் மீ மச்’சில் ஒருவன் வருவான்: காரில் ஏறும் முன் செருப்பைக் கழற்றச் சொல்கிறவன். நம்ம ஊரிலும் இருக்கிறானே! (சிரிக்கிறவர்கள் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.) ‘ஹனி, ஐ’ம் ஹோம்’ பாட்டில், வேலை முடிந்து களைத்து வந்த பெண் புருஷனைக் கால் பிடித்துவிடச் சொல்கிறாள். ‘பிளாக் ஐஸ், புளூ டியர்ஸ்’ அடிவாங்கிய பெண் வெளியேறும் பாட்டு. உழைப்பும் வீடும் வலியும்தானே கண்ட்ரியின் சரக்கு? இதில் எது வெளியூர்ச் சரக்கு?

‘ஸ்டுடியோ பொம்மை, மேடையில் பாடத் தெரியாது’ என்றும் சொன்னீர்கள். இதற்கு முந்தைய 1995 ஆல்பத்துக்கு அவர் சுற்றுப்பயணம் போகாததால் அன்று கிளம்பிய பேச்சு அது. கனடாவின் டிம்மின்ஸில் ஏழ்மையில் வளர்ந்து, சின்ன வயதிலேயே மதுக்கூடங்களில் பாடியவரைப் பற்றியா இந்தப் பேச்சு? 1987-ல் கார் விபத்தில் பெற்றோரை இழந்த பிறகு, ஒரு ரிசார்ட் மேடையில் பாடித்தான் தம்பி தங்கையரை வளர்த்தார். 1998-ல் இந்த ஆல்பத்தோடு ஊர் ஊராகப் போய்ப் பாடிக் காட்டினார். அடுத்த ஆண்டே கண்ட்ரி மியூசிக் அசோசியேஷன், ‘என்டர்டெய்னர் ஆஃப் தி இயர்’ விருதை அவர் கையில் கொடுத்தது. கொடுத்தது ராக் சங்கம் இல்லை, கண்ட்ரிக்காரர்களே. நடுவர் அவர்களே, அவர்கள் எழுதிய தீர்ப்பை நீங்கள் திருத்தப் போகிறீர்களா?

வணக்கம்.