112 கிலோமீட்டர் வேக ரோட்டுக்குப் பிடிப்பு கம்மி போதுமாம்! ஏன்?

பிரிட்டனில் மணிக்கு 112 கிலோமீட்டரில் கார் பறக்கிற மோட்டார்வே ஒன்று. பாதசாரிகள் கடக்கிற கிராசிங் ஒன்று. எந்த ரோட்டில் டயருக்குப் பிடிப்பு அதிகம் வேண்டும்? மோட்டார்வே என்றவர்கள் எல்லாரும் அவுட்!

அங்கே முக்கிய நெடுஞ்சாலைகளுக்கு 1988-இல், ரோடு வழுக்காமல் இருக்க இவ்வளவு பிடிப்பு வேண்டும் என்ற தரம் வந்தது. வரலாறு அவ்வளவுதான், மேலே போவோம்.

(திரையில்: தண்ணீர்த் தொட்டி லாரி)

இதன் பெயர் ஸ்கிரிம். பட்டனே இல்லாத தனி டயர் ஒன்று, லாரி போகும் திசைக்கு 20 டிகிரி கோணலாக ஓடும். அதன் முன்னால் தண்ணீர் பீய்ச்சுவார்கள். நனைந்த ரோடு டயரைப் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளுகிறது என்று அளந்து, டயர் மேல் இறங்கும் பாரத்தால் வகுத்தால் ஒரு எண் கிடைக்கும். எண் கூடினால் பிடிப்பு அதிகம். 1930களில் இதே வேலையைச் சைட்கார் மாட்டிய மோட்டார் சைக்கிள் செய்தது. ஈர ரோட்டில் கோணல் சக்கரத்தோடு அதை ஓட்டிய மனுஷருக்கு முதலில் ஒரு லைக் போடுங்கள், எனக்கு அப்புறம் போடலாம்.

மோட்டார்வேக்கு 0.30 அல்லது 0.35 போதும். கிராசிங்குக்கு முன்னால் 0.50, 0.55 வேண்டும். மோட்டார்வேயில் எதிரே வண்டி வராது, குறுக்கே ஆள் வராது. கிராசிங்கில் திடீரென்று பிரேக்கை மிதிக்க வேண்டிவரும்.

கொடுமை என்னவென்றால், பிரேக் போட்டுப் போட்டே அங்கே ஜல்லி சீக்கிரம் மழுங்கிவிடும். தேய்ந்த அம்மியில் மிளகாய் வைத்துப் பாருங்கள், குழவிதான் வழுக்கும். கொத்துகிறவரைக் கூப்பிடுவோம் இல்லையா? ரோட்டுக்கும் அந்த வைத்தியம் உண்டு! கெட்டி முனைகள் உள்ள எந்திரம் ஜல்லியின் முகத்தைக் கொத்திக்கொண்டே போகும். ஆனால் ஜல்லி சரியில்லையென்றால் மறுபடி மழுங்கும். அதனால் முன்கூட்டியே ஜல்லிக்குப் பரீட்சை: ஒரு சக்கரத்தில் பதித்து, கரடான எமரி என்கிற தேய்ப்புப் பொடியோடு 3 மணி நேரம், மாவு போன்ற எமரியோடு 3 மணி நேரம் ரப்பர் டயரால் தேய்ப்பார்கள். அதற்கப்புறமும் சொரசொரப்பு மிஞ்ச வேண்டும். அப்படிப்பட்ட கல் எல்லாக் குவாரியிலும் கிடைக்காது.

சரி, எண் 0.50-க்குக் கீழே போனால் உடனே ரோடு போடுவார்களா? மாட்டார்கள். அது விசாரணையைத் தொடங்கி வைக்கிற கோடு மட்டும்தான். இன்ஜினியர் போய்ப் பார்ப்பார், ஈரத்தில் நடந்த விபத்துகளைப் புரட்டுவார், தேவைப்பட்டால் வழுக்கும் சாலை என்று போர்டு வைப்பார். இருக்கிற பணம் ஆபத்தான இடத்துக்கு முதலில் போகட்டும் என்பது கணக்கு. நியாயம்தான். ஆனால் பள்ளிக்கூட வாசல் கிராசிங்குக்குமா விசாரணை? கோட்டைத் தாண்டியதுமே கொத்துகிற எந்திரம் வந்து நிற்க வேண்டும் என்பேன் நான். இல்லை என்பவர்கள் கமெண்டில் சண்டைக்கு வாங்க.