வைரல் லோடு அதிகம்னா நோயும் சீரியஸா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

சரி, அடுத்த கேள்வி. ஒரு அக்கா கேட்டிருக்காங்க, "ஆல்ஃபா வேரியன்ட்ல வைரல் லோடு அதிகம்னு சொல்றீங்க, ஆனா லண்டன் ஆஸ்பத்திரில நோய் ஒண்ணும் கூடுதலா சீரியஸ் ஆகலன்னும் சொல்றீங்க, ரெண்டும் எப்படி சார் ஒத்துப்போகும்?"னு. நியாயமான கேள்விங்க. (வைரல் லோடுன்னா உடம்புல இருக்குற வைரஸோட அளவு, ஆல்ஃபாங்குறது கொரோனா வைரஸோட உருமாறுன ஒரு வகை.)

மொதல்ல வைரல் லோடை எப்படி அளக்குறாங்கன்னு பாத்துடுவோம். பெரும்பாலும் நேரா எண்றது இல்ல, கொரோனாவுக்கு எடுக்குற ஆர்டி பிசிஆர் டெஸ்ட்ல வர்ற சிடி வேல்யூவ வச்சுத்தான் சொல்றாங்க (ஸ்கேன் சிடி இல்லைங்க, அது வேற). மெஷின் ஒவ்வொரு சுத்துலயும் வைரஸோட மரபணுவ ரெண்டு மடங்கா பெருக்கிட்டே போகும், எத்தனாவது சுத்துல கண்ணுல படுதோ அதான் சிடி, அதனால நம்பர் கம்மினா வைரஸ் அதிகம், தலைகீழா இருக்கும்.

இப்ப லண்டன் விஷயம். 2020 நவம்பர், டிசம்பர்ல ரெண்டு ஆஸ்பத்திரில அட்மிட் ஆன, பாசிட்டிவ் வந்த 496 பேர எடுத்தாங்க, அதுல 341 பேருக்குத்தான் சீக்வென்சிங் (வைரஸோட மரபணு வரிசைய படிக்கிறது) பண்ணி எந்த வேரியன்ட்னு தெரிஞ்சது. 198 பேருக்கு ஆல்ஃபா, 143 பேருக்கு பழைய வகை. சராசரி சிடி ஆல்ஃபால 28.8, மத்ததுல 32. மூணு புள்ளி சொச்சம்தானேன்னு நினைக்காதீங்க, ரெண்டு மடங்கு ரெண்டு மடங்கா பெருக்கிப் பாத்தா அது கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு வைரஸ். ஆனா ரொம்ப சீரியஸானவங்க, இறந்தவங்க சேத்து பாத்தா 36 சதவீதம், 38 சதவீதம், அவ்ளோதான், வித்தியாசமே இல்ல.

ஏன்னா இவங்க எல்லாருமே ஏற்கனவே பெட்ல படுத்தவங்க! ஆல்ஃபாவால எத்தன பேர் ஆஸ்பத்திரிக்கே வர்ற நிலைமை ஆச்சுங்குற கேள்விக்கு வார்டுக்குள்ள நின்னு பாத்தா பதில் கிடைக்காதுங்க, வெளிய ஊர்ல டெஸ்ட் எடுத்தவங்களப் பாக்கணும். அப்படியும் பிரிட்டன்ல பாத்தாங்க, 30 வயசுக்கு மேல ஒரு லட்சத்துக்கும் மேல ஆளுங்க, வயசு, ஏரியா எல்லாம் ஜோடி சேத்து பாத்ததுல பழைய வகைல ஆயிரத்துக்கு 2.5 சாவு, ஆல்ஃபால 4.1. ரெண்டு ஆய்வும் சண்டை போடல, ரெண்டும் வேற வேற கேள்வி கேட்டுச்சு.

இன்னொன்னு, இத நெறைய பேர் விட்டுடறாங்க, ஸ்வாப் (மூக்கு, தொண்டைல குச்சி விட்டு எடுக்குற சாம்பிள்) எந்த நாள்ல எடுத்தாங்கங்குறது ரொம்ப முக்கியம். அறிகுறி ஆரம்பிக்கிற சமயத்துலதான் மூக்குல தொண்டைல வைரஸ் உச்சத்துல இருக்கும், அப்புறம் எறங்கிடும், ஆனா மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடுறது ஒரு வாரம் கழிச்சு, அதுக்குள்ள நம்ம உடம்போட எதிர்ப்பே நுரையீரல்ல வீக்கத்த கிளப்பி விட்டிருக்கும். அதான் ஐசியுல இருக்குறவருக்கு சிடி 32 இருக்கும், வீட்ல லேசா இருமிட்டு டிவி பாக்குறவருக்கு 17 இருக்கும். அதோட ஒரு வேரியன்ட் வேகமா ஏறிட்டு இருக்குற நேரத்துல புதுசா தொத்துனவங்கதான் ஜாஸ்தி இருப்பாங்க, அதனாலயே சராசரி சிடி கம்மியா தெரியும், வைரஸோட குணம் மாறாமலே. சீக்வென்சிங்கும் வைரஸ் ரொம்ப கம்மியா இருக்குற சாம்பிள்ல சரியா வராது, அவங்க கணக்குல இருந்தே கழண்டுடறாங்க.

இந்த நாள் குழப்பத்த ஓரளவு தாண்டுனது சீனாவுல குவாங்சோல பண்ணது, 2021 மே மாசம் டெல்டாங்குற இன்னொரு வேரியன்ட் வந்தப்ப. தொடர்புல இருந்தவங்கள தனிமைல வச்சு தினமும் பிசிஆர் எடுத்தாங்க, அதனால முதல் பாசிட்டிவ் நாள்லயே புடிச்சுட்டாங்க, அதுல 2020 ஆரம்பத்து வகைய விட ஆயிரம் மடங்குக்கு மேல வைரஸ். பரவுற வேகத்தப் பத்தி பேசணும்னா எனக்கு இந்த மாதிரி டேட்டாதான் நம்பிக்கை, ஆஸ்பத்திரி சராசரி இல்ல.

அதனால அக்கா, ரிப்போர்ட்ல சிடி கம்மியா இருக்குன்னு பயந்து அழுறதும், 33 இருக்குன்னு ஆக்சிஜன் பாக்காம விடுறதும் ரெண்டுமே தப்பு. ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 35 வரைக்கும் பாசிட்டிவ்னு வச்சாங்களே தவிர, இந்த நம்பர வச்சு நோயோட தீவிரத்த முடிவு பண்ணாதீங்கன்னுதான் சொன்னாங்க.