கன்ட்ரோல் எஸ் அழுத்தினா டெர்மினல் ஏன் நின்னு போகுது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல ஒண்ணைப் பாத்துட்டு ரொம்ப நேரம் சிரிச்சேன். ஒரு தம்பி கேக்குறாரு: "சார், சர்வர்ல விம்ங்கற எடிட்டர்ல எழுதிட்டிருந்தேன். சேவ் பண்ற பழக்கதோஷத்துல கன்ட்ரோல் எஸ் அழுத்திட்டேன். எல்லாம் நின்னுபோச்சு. டெர்மினலையே, அதான் கட்டளை தட்டற விண்டோவையே, மூடிட்டேன். எதனால?"

தம்பி, அது தொங்கல. நிக்கச் சொன்னீங்க, நின்னுச்சு. கன்ட்ரோல் க்யூ அழுத்தியிருந்தா ஓடியிருக்கும். இது தெரியாம நானும் மெஷினை ரீபூட் பண்ணவன்தான், ஒரு தடவை இல்ல, மூணு தடவை.

கன்ட்ரோலோட ஒரு எழுத்தை அழுத்தினா, அந்த எழுத்தோட வரிசை எண்தான் போகும். ஏ, பி, சினு எண்ணிப் பாருங்க. க்யூ 17, எஸ் 19. எழுத்துக்கெல்லாம் எண் கொடுக்கற ஆஸ்கி அட்டவணையில 17 எக்ஸ்-ஆன், அதாவது "அனுப்பு"; 19 எக்ஸ்-ஆஃப், அதாவது "நிறுத்து". 1963ல வந்த டெலிடைப் மாடல் 33ங்கற தட்டச்சுத் தந்தி மெஷின்ல காகித நாடா ரீடர் இருக்கும். 17 வந்தா ரீடர் ஓடும், 19 வந்தா நிக்கும். விநாடிக்கு 10 எழுத்துதான் அதோட வேகம். இன்னிக்கு உங்ககிட்ட அந்த மாதிரி மெஷினை இணைக்கற சீரியல் வயரே இல்ல, ஆனா லினக்ஸ் அந்தப் பழக்கத்தை விடல. வேண்டாம்னா டெர்மினல்ல "stty -ixon"னு கட்டளை கொடுத்துடுங்க.

சரி, இதைவிட ருசியான விஷயம், "எப்ப நிக்கச் சொல்லணும்?"ங்கறதுதான். பந்திக் கதை ஒண்ணு சொல்றேன். இலை நிறைஞ்ச அப்புறம் "போதும்"னா, கரண்டியில இருக்கற சாம்பார் எங்க போகும்? உங்க வேட்டியிலதான். அதனால பாதியிலயே கை காட்டணும். டெக் கம்பெனியோட விடி100ங்கற டெர்மினல் (திரையும் கீபோர்டும் சேந்த மெஷின்), 1978ல வந்தது, அதைத்தான் பண்ணுச்சு. வர்ற எழுத்து காத்திருக்கற பஃபர்ல 64 எழுத்துக்கு இடம். 32 சேந்ததுமே எக்ஸ்-ஆஃப் அனுப்பிடும். கம்ப்யூட்டர் அதைக் கேட்டு நிக்கறதுக்குள்ள வர்ற எழுத்துக்குத்தான் மிச்ச இடம். 16ஆ குறைஞ்சா எக்ஸ்-ஆன்.

சிக்கல் என்னன்னா, நீங்க அனுப்பற ஃபைலுக்குள்ளயே 19ங்கற பைட் இருந்தா அதையும் "நிறுத்து"னு எடுத்துக்கும். படம், ஜிப் எல்லாம் பாதியில நிக்கும். அதுக்குத்தான் "நிறுத்து", "அனுப்பு"னு சொல்றதுக்குன்னே ஆர்டிஎஸ், சிடிஎஸ்னு தனி வயரு; இதுக்குப் பேரு ஹார்டுவேர் கன்ட்ரோல். எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனா கேபிள்ல அந்த வயர் இருக்கான்னு பாத்துக்கோங்க. மூணு வயர் மட்டும் இருந்த கேபிளைச் சொருகி, ஹார்டுவேர் கன்ட்ரோலை ஆன் பண்ணிட்டு, வராத சிடிஎஸ்க்காக அரை நாள் உக்காந்திருக்கேன். ஒரு எழுத்து போகல.