வெள்ளை எருமைக்கன்றுப் பெண் வந்தது கி.பி. 901-லயா? லகோட்டா ஓவியக் கணக்கைப் படிக்கும் முறை

அடுத்த கேள்வி. "வட அமெரிக்கப் பூர்வகுடிகளான லகோட்டாக்களுக்கு அந்தக் காலத்துல எழுத்து கிடையாதுன்னு சொன்னீங்க. ஆனா புனிதப் புகைக்குழாயைக் கொண்டுவந்த வெள்ளை எருமைக்கன்றுப் பெண் கி.பி. 901-ல வந்தாங்கன்னு படிச்சேன். இந்த வருஷம் எங்கேருந்து வந்தது, நம்பலாமா?"

அது பேட்டிஸ்ட் குட் என்பவர் வச்சிருந்த குளிர்கால ஓவியக் கணக்குல வர்ற எண். இவர் லகோட்டாக்கள்ல சிச்சாங்கு பிரிவு, அமெரிக்காவோட தெற்கு டகோட்டா மாநிலத்துல ரோஸ்பட் பக்கம் இருந்தவர். இந்த மாதிரிக் கணக்குக்கு 'வனியெது வோவாபி'ன்னு பேரு. முதல் பனி விழறதுலேருந்து அடுத்த முதல் பனி வரைக்கும் ஒரு வருஷம். ஒரு வருஷத்துக்கு ஒரே ஒரு படம். எந்த நிகழ்ச்சின்னு பெரியவங்க கூடிப் பேசி முடிவு பண்ணுவாங்க, கணக்கு வச்சிருக்கறவர் வரைவார். முன்னாடி பைசன், அதாவது அமெரிக்கக் காட்டெருமை, தோல்ல வரைஞ்சாங்க; பைசன் அழிஞ்ச பிறகு துணி, கணக்கு நோட்டு.

பேட்டிஸ்ட் குட் கணக்குல ரெண்டு பகுதி இருக்கு, இதைப் பிரிச்சுப் பார்க்காததாலதான் குழப்பமே. 1700-01-லேருந்து 1879-80 வரைக்கும் வருஷத்துக்கு ஒரு படம். அதுக்கு முன்னாடி வட்டங்கள்; ஒரு வட்டம்னா 70 வருஷம், ஒரு கிழவரோட ஆயுசு. 1700-லேருந்து பின்னாடி எண்ணிப் பாருங்க: 11 வட்டம், 770 வருஷம், 930-ல வந்து நிக்குது. அதுக்கும் முன்னாடி இருக்கற முதல் வட்டத்துக்கு மட்டும் 30 வருஷம் (901-930), அதனால 901. அதாவது தலைமுறைக் கணக்கைப் பெருக்கிக் கிடைச்ச எண் இது.

இன்னொரு பக்கமும் உரசிப் பாக்கலாம். அந்தக் குழாய் இப்போ தெற்கு டகோட்டாவுல செயென் ரிவர்ங்கற பூர்வகுடிப் பகுதியில, கிரீன் கிராஸ்ங்கற இடத்துல இருக்கு. இப்போ அதைக் காக்கற ஆர்வல் லுக்கிங் ஹார்ஸ் 19-வது தலைமுறை, 1966-ல பொறுப்புக்கு வந்தவர். 901-ஐ அப்படியே எடுத்தா, அவருக்கு முன்னாடி 18 பேரும் ஆளுக்குச் சராசரியா 59 வருஷம் குழாயைப் பாதுகாத்து வந்திருக்கணும். எனக்கு அது ஒத்துவரல. குழாய் வந்த கதையை கதையாவே வச்சுக்கங்க, வருஷத்தை அதுமேல ஒட்டாதீங்க.

அப்போ வருஷத்துக்கு ஒரு படம் இருக்கற பிற்பகுதியை நம்பலாமா? நம்பலாம், சரிபார்த்துட்டு. முதல்ல நட்சத்திரம் கொட்டின படத்தைத் தேடுங்க. 1833 நவம்பர் 13 விடியறதுக்கு முன்னாடி வட அமெரிக்கா முழுக்கத் தெரிஞ்ச விண்கல் மழை அது. அந்தக் காலத்தைத் தொடற கணக்குல பெரும்பாலும் இருக்கும். அங்கேருந்து ரெண்டு பக்கமும் எண்ணுங்க. 1837-38 பெரியம்மை சரியா வருதா? ஒண்ணு தள்ளி வந்தா, பழைய தோல்லேருந்து புதுசுக்கு மாத்தும்போது ஒரு படம் விட்டிருக்கு, இல்ல ரெண்டு தடவை விழுந்திருக்கு. வேற குழுவோட கணக்கைப் பக்கத்துல வச்சா எங்க பிசகுன்னு தெரிஞ்சுடும்.

படத்தை மட்டும் பார்த்து அர்த்தம் சொல்லவும் கூடாது. லோன் டாக்ங்கறவர் வச்சிருந்த கணக்கு, லகோட்டாக்களோட உறவுக்காரங்களான யாங்டோனாய் பிரிவோடது, 1800-01-லேருந்து 71 படம், நடுவுலேருந்து சுருளா வெளியே போகும். முதல் படம் முப்பது கருப்புக் கோடு, மூணு வரிசையா. சொல்லாம யாருக்குப் புரியும்? க்ரோங்கற வேற பூர்வகுடி மக்கள் கையால செத்த இவங்க ஆளுங்க முப்பது பேர். வாயால சொல்ற விவரம் போச்சுன்னா படம் வெறும் கோடுதான்.

கடைசியா ஒண்ணு. லோன் டாக் கணக்குல ஒரு சூரிய கிரகணப் படம் இருக்கு; அந்த கிரகணம் 1869 ஆகஸ்ட் 7-ல நடந்தது. முதல் பனிக் கணக்குப்படி அது 1868 பனியில ஆரம்பிச்ச வருஷத்துல வரணும். ஆனா அந்தக் கணக்கை அச்சுல போட்டவங்க அந்தப் படத்துக்கு 1869-70-ன்னுதான் போட்டிருக்காங்க. அதனால அச்சுல ரெட்டை வருஷம் பார்த்தா, அதுக்கு முந்தின கோடையையும் சேர்த்துத் தேடுங்க.