ஹோமினின்: கடைசி எழுத்தில் இருக்கிறது விஷயம்

அவையோருக்கு வணக்கம். மனிதப் பரிணாமம் பற்றிய கட்டுரைகளில் ஹோமினிட், ஹோமினின் என்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன. தமிழாக்கும்போது இரண்டையும் ‘மனித மூதாதை’ என்றே எழுதிவிடுகிறோம். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

வேர்ச்சொல் ‘ஹோமோ’. லத்தீனில் மனிதன். மண்ணைக் குறிக்கும் ‘ஹ்யூமஸ்’ இதன் உறவுச்சொல். மண்ணவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஒரே மாதிரி’ என்னும் பொருளில் வரும் ஹோமோ கிரேக்கச் சொல், அதற்கும் இதற்கும் ஒட்டில்லை. 1758-இல், உயிரினங்களை வகைப்படுத்திய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் நம் பேரினத்துக்கு இந்தப் பெயரை வைத்தார். வேற்றுமை ஏற்கும்போது அது ‘ஹோமின்-’ ஆகும். அதோடு விகுதி சேர்ந்தால் வகைப்பாட்டின் படிநிலை தெரியும்: ‘இடே’ என்றால் குடும்பம், ‘இனே’ துணைக்குடும்பம், ‘இனி’ அதற்கும் கீழே. ஹோமினிடே குடும்பத்து உயிர் ஹோமினிட், ஹோமினினியைச் சேர்ந்தது ஹோமினின்.

முன்பு ஹோமினிடேயில் மனிதக் கிளை மட்டுமே இருந்தது. ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி மூன்றையும் பொங்கிடே என்று தனிக் குடித்தனம் வைத்திருந்தார்கள். 1960-களில் புரத ஒப்பீடும் பிறகு மரபணு ஒப்பீடும் வந்தன. சிம்பன்சிக்குக் கொரில்லாவைவிட நாமே நெருக்கம் என்று தெரிந்ததும் அந்தப் பிரிவினை நிற்கவில்லை. எல்லாரும் ஹோமினிடேக்குள் வந்தார்கள். எனவே 1980-களின் கட்டுரையில் வரும் ‘ஹோமினிட்’ பெரும்பாலும் இன்றைய ‘ஹோமினின்’தான். மொழிபெயர்ப்பவர் முதலில் பார்க்க வேண்டியது கட்டுரை வெளியான ஆண்டை.

சிம்பன்சி வழியிலிருந்து பிரிந்தபின் நம் பக்கம் இருப்பவர் எல்லாரும் ஹோமினின். (சிலர் சிம்பன்சியையும் சேர்த்து, நம் பக்கத்தை மட்டும் ‘ஹோமினினா’ என்பார்கள், கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள்.) சிம்பன்சி நமக்குப் பாட்டன் அல்ல, பங்காளி. ஹோமினின் எல்லாருமே பாட்டன்மாரும் அல்லர். 1959-இல் தான்சானியாவின் ஓல்டுவாயில் தொல்மானுடவியலாளர் மேரி லீக்கி கண்டெடுத்த மண்டையோட்டுக்காரர் பராந்த்ரோப்பஸ் பொய்சேய், பெரிய கடைவாய்ப்பல் கொண்டவர். ஹோமினின்தான், ஆனால் அந்த வழி சந்ததியின்றி அற்றுப்போனது. அவரை ‘நம் மூதாதை’ என்று எழுதுவது பிழை.

சென்னைக்கு அருகே உள்ள அத்திரம்பாக்கத்தில் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையான கைக்கோடரிகள் கிடைத்தன. செய்தவரின் எலும்பு கிடைக்கவில்லை. எந்த இனம் என்று அறுதியிட வழியில்லாததால் ஆய்வாளர்கள் ‘ஹோமினின்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதைத் தமிழில் ‘ஆதித்தமிழன்’ என்று மாற்றும்போது எனக்குத் தலை சுற்றுகிறது.